பல்லில் சிக்கும் அறிவியல் சொற்கள்: எங்கே சிக்குகிறது, எப்படி எடுப்பது

பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம், எங்கள் வீட்டு மாடியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். மூன்றிலும் சண்டை போடத் தெரியும். ஆனால் பயாலஜி புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தியை வாய்விட்டுப் படி என்றால், ஹம்ப்பில் ஏறிய ஆட்டோ மாதிரி நீளமான சொல் ஒவ்வொன்றிலும் தூக்கிப் போடுகிறது. “சிலபிள் சிலபிளாகப் பிரித்துப் படி” என்று பள்ளியில் சொல்லிவிடுகிறார்கள். எங்கே பிரிப்பது என்று யாரும் சொல்வதில்லை.

திக்குகிற பிள்ளைகள் நிறைய, திக்கும் விதங்கள் கொஞ்சம்தான். அவற்றைக் கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று. கத்திரிக்காயைச் சாம்பாருக்குத் துண்டு போடுகிறோம், எண்ணெய்க் குழம்புக்குக் காம்பை விட்டு நாலாகக் கீறுகிறோம். நீளமான சொல்லும் அப்படித்தான். வாயால் சொல்ல ஒரு வெட்டு. பொருள் பிடிபட வேறு வெட்டு. வரிக் கடைசியில் இடம் போதாமல் உடைத்து எழுத மூன்றாவது வெட்டு. மூன்றும் ஒரே இடத்தில் விழும் என்று நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

வாய் வெட்டுக்குச் சோதனை எளிது. புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துச் சொல்லை நிதானமாகச் சொல்லுங்கள். தாடை இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிலபிள். ஒரு சிலபிளுக்கு ஒரே ஒரு உயிர் ஒலி. பக்கத்தில் எத்தனை மெய் ஒட்டிக்கொண்டாலும் கணக்கு மாறாது.

கோளாறு: எண்ணிக்கை ஒன்று கூடுதலாக வருகிறது

எங்கள் மாடியில் அதிகம் வருவது இதுதான். குளுக்கோஸ் என்று சொல்லச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பையன், தாடைக்கு அடியில் கை வைத்தபடி, “கு, ளுக், கோஸ். மூணு மிஸ்” என்றான். இங்கிலீஷில் அது இரண்டு. புரோட்டீன் என்றால் மூன்று என்பான், அதுவும் இரண்டு. பிளாஸ்மா இரண்டு, குளோரோபில் மூன்று, குரோமோசோம் மூன்று. அவன் கணக்கில் எல்லாவற்றிலும் ஒன்று ஏறியே இருந்தது.

தப்பு அவன் மேல் இல்லை. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவது தமிழுக்கு ஆகாது. நடுவில் ஒரு உகரத்தையோ இகரத்தையோ செருகி வாய்க்கு வசதி செய்துகொள்வோம். தமிழில் எழுதும்போது அந்த உயிர் எழுத்திலேயே ஏறிவிடுகிறது. நான் இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் இங்கிலீஷ் சொற்களைத் தமிழில் எழுதுகிறேன். பிரிக்கும்போது நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதி, பென்சிலால் குறுக்குக் கோடு போடுங்கள். தமிழில் எழுதிவிட்டுப் பிரித்தால் செருகிய உயிரும் சேர்ந்து எண்ணப்படும்.

சரி, வாய்க்கு என்ன வழி? முன்னால் ஒரு ‘அ’ போட்டுச் சொல்லச் சொல்வேன். அக்ளோ, அக்ளோ, அக்ளோ. ‘அக்’ என்று நின்றுவிட்டு ‘ளோ’ என்று விடும்போது நடுவில் உகரம் நுழைய இடமில்லை. பத்துத் தடவை சொன்ன பிறகு, ‘அ’வை மனதுக்குள் மட்டும் சொல்லி மிச்சத்தை வெளியே சொல்ல வேண்டும். க்ளோ-ரோ-ஃபில். அந்தப் பையனுக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சொல்லின் கடைசியிலும் இதே நடக்கும். ஆசிடு, சல்பேட்டு, பல்பு. கன்னடத்திலும் பஸ்ஸு, காரு என்று உகரம் ஒட்டும் என்பதால் பெங்களூருப் பிள்ளைகளுக்கு இது இரட்டைப் பழக்கம். கடைசி மெய்யில் வாயை அப்படியே நிறுத்தப் பழக்கினால் போதும்.

கோளாறு: எண்ணிக்கை ஒன்று குறைகிறது

இதற்கு ஒரே காரணம் கிடையாது. வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில், பிள்ளை தமிழில் யாப்பு படித்ததா என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள். திருவண்ணாமலையிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண், சிலபிள் என்றால் அசைதானே என்று, சிலிகன் என்ற சொல்லை அழகாக அலகிட்டுக் காட்டினாள்: சிலி நிரை, கன் நேர். இரண்டு. தமிழ்க் கணக்கில் அவள் சொன்னது அப்பழுக்கில்லாமல் சரி. ஆனால் நிரையசையில் இரண்டு உயிர் உண்டு. இங்கிலீஷ் சிலபிளில் ஒன்றுதான் இருக்க முடியும். அதனால் நிரை வரும் இடமெல்லாம் இரண்டாக எண்ண வேண்டும். சி-லி-கன், மூன்று. இதைச் சொன்னதும் அவளுக்கு மற்றவர்களைவிட வேகமாகப் பிடிபட்டுவிட்டது. அசை தெரிந்த காது வீண்போகாது.

அடுத்து, இரண்டு உயிரெழுத்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறதா? அவை சில சொற்களில் கைகோத்து ஒரே ஒலியாகும், சிலவற்றில் ஆளுக்கு ஒரு சிலபிள் கேட்கும். பயாலஜியில் ஐ ஒன்று, ஓ ஒன்று: ப-யா-ல-ஜி, நான்கு. கணக்கில் வரும் கோஎஃபிஷியன்ட் நான்கு: கோ-எ-ஃபி-ஷன்ட். மாட்டிவிடுவது ஸுவாலஜி. ஜூ என்று நமக்கு மிருகக்காட்சிசாலை வழியாகப் பழகிவிட்டதால், இரண்டு ஓவையும் சேர்த்து ‘ஜூ’ என்று தொடங்குகிறோம். உண்மையில் ஜூ என்பது ஸுவலாஜிகல் கார்டன் என்ற நீளப் பெயரைக் கத்தரித்ததால் வந்த செல்லப் பெயர். படிப்பின் பெயரில் முதல் ஓ ஒரு சிலபிள், இரண்டாவது ஓ அடுத்த சிலபிளின் தொடக்கம்: ஸோ-ஆ-ல-ஜி. ஜூ என்று சொல்கிறவர்கள் ஏராளம், யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் ஸ்பெல்லிங்கில் எத்தனை ஓ என்று தடுமாறும் பிள்ளைக்கு இந்தப் பிரிப்பு ஒரேயடியாகத் தீர்வு.

டி.என்.ஏ.வின் முழுப் பெயரும் இந்த வகைதான். டீ-ஆக்-சி-ரை-போ-நியூ-க்ளீ-யிக், எட்டு சிலபிள். ஏழு வந்தால் கடைசியில் ‘நியூக்ளிக்’ என்று சுருக்கிவிட்டீர்கள்.

அப்புறம், கடைசி ஈ எழுத்து. குரோமோசோம், என்சைம், பாஸ்பேட் எல்லாவற்றிலும் அது ஊமை. அந்த நம்பிக்கையில் போய் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி இதயம் சுருங்குவதைச் சொல்லும் சிஸ்டலியை ‘சிஸ்டோல்’ என்றாள். கிரேக்கத்திலிருந்து வந்த சில சொற்களில் கடைசி ஈ பேசும். சிஸ்-ட-லி மூன்று, டை-யாஸ்-ட-லி நான்கு. முகப்பருவைச் சொல்லும் ஆக்னியும் அப்படித்தான். இதற்கு விதி தேடாதீர்கள், பட்டியலாக மனதில் வைத்துக்கொள்வதுதான் வழி.

கடைசியாக ஒரு வேடிக்கை. ஆர்கனிசம் என்ற சொல்லில் உயிரெழுத்து மூன்றுதான் இருக்கிறது, சிலபிளோ நான்கு. எஸ்ஸும் எம்மும் ஒட்டி நிற்கிற இடத்தில், எழுத்தில் இல்லாத ஒரு மெல்லிய உயிர் வாயில் பிறக்கிறது. மெட்டபாலிசம் ஐந்து, ப்ரிசம் இரண்டு. எழுத்தை எண்ணுகிற பிள்ளை இங்கே தோற்கும். ஆர்-க-னி-சம் என்று தமிழ்நாக்கால் சொல்கிற பிள்ளை தானாகவே ஜெயிக்கும். மேலே நம்மைக் கவிழ்த்த அதே உயிர் செருகும் பழக்கம் இங்கே கைகொடுக்கிறது.

கோளாறு: சரியாகப் பிரித்தாயிற்று, ஆனால் பொருள் தெரியவில்லை

வாய் வெட்டை வைத்துக்கொண்டு பொருள் தேடினால் கிடைக்காது. எங்கள் மாடிக்கு மேல் அவ்வப்போது எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைப் பக்கமிருந்து ஹெலிகாப்டர் பறக்கும். அதையே உதாரணமாக எடுப்பேன். வாயால் ஹெ-லி-காப்-டர். ‘ஹெலி’ ஒரு பாகம், ‘காப்டர்’ ஒரு பாகம் என்று எல்லாரும் நினைப்பார்கள். கிரேக்கத்தில் தையல் விழுந்திருப்பது வேறு இடத்தில்: ஹெலிகோ என்றால் திருகு, ப்டர் என்றால் இறக்கை. திருகிச் சுழலும் இறக்கை. பி என்ற எழுத்து வாய்க்கு முந்தின சிலபிளோடு போகிறது, பொருளுக்குப் பிந்தின பாகத்தோடு போகிறது. டைனோசர் பிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த டெரோடாக்டில் தொடக்கத்தில் ஒரு ஊமை பி இருக்கிறதே, அதுவும் இதே இறக்கைதான். டாக்டில் என்றால் விரல். விரலே இறக்கையானது. உலகமே ஹெலிகாப்டரைத் தப்பான இடத்தில் வெட்டி ஹெலிபேட், ஹெலிபோர்ட் என்று சொல் செய்துகொண்டது தனிக் கதை.

அதனால் நோட்டில் இரண்டு வரி எழுதச் சொல்கிறேன். மேல் வரியில் வாய் வெட்டு, கீழ் வரியில் பொருள் வெட்டு. ஃபோட்டோசின்தசிஸ்: மேலே ஃபோ-டோ-சின்-த-சிஸ், கீழே ஃபோட்டோ, சின், தீசிஸ். ஒளி, ஒன்றாக, வைப்பது. டி.என்.ஏ.வுக்கும் கீழ் வரி போட்டால் பாடமே அதில் இருக்கிறது: டீ, ஆக்சி, ரைபோ. ரைபோஸ் சர்க்கரையில் ஒரு ஆக்ஸிஜன் கழன்றது. அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவான். பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று ஏன் பெயர் மாறுகிறது என்று கேட்டான். இரண்டும் ஒரே ரசாயனப் பெயரிலிருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டியவை: பாரா-அசிட்டைல்அமினோஃபீனால். ஒருவர் பாரா, அசிட், ஆம், ஆல் என்று எடுத்துக்கொண்டார். இன்னொருவர் பாராவை விட்டுவிட்டு அசிட், அமினோ, ஃபென் என்று எடுத்துக்கொண்டார். பா-ரா-சி-ட-மால் என்று சொல்லும்போது பாராவின் கடைசி ஏயும் அசிட்டின் முதல் ஏயும் ஒன்றாகக் கரைந்துவிடுவதால், உள்ளே அசிட் இருப்பது காதுக்குத் தெரிவதில்லை. பையன் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கோளாறு: எல்லா சிலபிளும் வந்துவிட்டது, கேட்கிறவருக்குப் புரியவில்லை

அழுத்தம் இடம் மாறியிருக்கும். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்லிக்கொண்டு போகலாம், பொருள் கெடாது. இங்கிலீஷில் ஒரு சிலபிள் மட்டும் ஓங்கி நிற்கும், பக்கத்தில் இருப்பவை ஒடுங்கிக் குழையும். அது எந்த சிலபிள் என்பது சொல்லின் வாலைப் பொறுத்தது. ஃபோட்டோகிராஃப் என்றால் முதலாவது. அதையே கலையாக்கினால் இரண்டாவதற்குத் தாவி, ஃப-டாக்-ர-ஃபி என்று ஆகிறது. கடைசியில் ஐ, சி சேர்த்துப் பண்பாக்கினால் மூன்றாவது. ஒரே குடும்பம், மூன்று பேருக்கும் தலை வேறு வேறு இடத்தில்.

அதனால் சொல்லை முதலிலிருந்து பார்க்காமல் வாலிலிருந்து பாருங்கள். ஐ, சி என்று முடிந்தால் அதற்கு முந்தின சிலபிளில் அழுத்தம்: ஜெனடிக்கில் ‘நெ’, சயன்டிஃபிக்கில் ‘டி’. ‘ஷன்’ என்று முடிந்தாலும் அப்படியே: எவாப்பரேஷனில் ‘ரே’. லஜி, கிரஃபி என்று முடிந்தால் வாலுக்கு ஒட்டினாற்போல் முன்னால் இருக்கும் ஓவில். கருவிப் பெயரில் மீட்டர் வந்தால் அங்கேயும் அதே ஓ: தெர்மாமீட்டரில் ‘மா’, காற்றழுத்தம் அளக்கும் பாராமீட்டரில் ‘ரா’. சென்டிமீட்டர் அளவுப் பெயர், கருவி இல்லை, அதனால் முதலிலேயே நிற்கும். கணக்குப் பாடமாகிய அரித்மெடிக்கோ ஐ, சி என்று முடிந்தும் விதியை மதிக்காமல் ‘ரித்’தில் நிற்கிறது. பாடத்தைப் போலவே பிடிவாதம்.

பயிற்சிக்குத் தலைமுடி ரப்பர் பேண்ட் ஒன்று போதும். இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அழுத்தம் வரும் சிலபிளில் மட்டும் இழுக்க வேண்டும். ஹைப்பாட்டனியூஸ் சொல்லும்போது பார்த்தால் தெரியும்: ‘ஹைப்போ, டெனியூஸ்’ என்று இரண்டு கம்பார்ட்மென்ட்டாக ஓட்டுகிற பிள்ளைகள் ரப்பரை முதலிலேயே இழுத்துவிடுவார்கள். இழுக்க வேண்டியது ‘பாட்’. ஹை-பாட்-ட-நியூஸ். கை சரியான இடத்தில் இழுத்தால் வாயும் சரியாக வந்துவிடுகிறது. ஏன் என்று எனக்குக் கேட்காதீர்கள், வருகிறது.

கோளாறு: முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடுகிறது

சைக்காலஜி, நிமோனியா, டெரோடாக்டில்: பி ஊமை. நிமானிக்: எம் ஊமை. எக்ஸில் தொடங்கினால் ‘ஸ’ ஒலி: சைலம், மரக்கட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சி, எச் சேர்ந்து வந்தால் கிரேக்கச் சொற்களில் ‘க’. அவ்வளவுதான். ஊமை எழுத்தைத் தனி சிலபிளாக எண்ணக் கூடாது, ஆனால் எழுதும்போது மறக்கவும் கூடாது.

கோளாறு: ஸ்பெல்லிங்கில் ஒரு எச் தொலைந்துபோகிறது

ஆப்தல்மாலஜி, டிப்தீரியா என்று சொல்கிறோம். அப்படியே எழுதவும் செய்கிறோம். இரண்டிலும் பி-எச், டி-எச் என்று இரண்டு ஜோடி அடுத்தடுத்து நிற்கின்றன. ஜோடிக்கு நடுவில் கத்தி வைக்கக் கூடாது, இரண்டு ஜோடிக்கும் இடையில்தான் வெட்டு. ஆஃப்-தல்-மா-ல-ஜி, டிஃப்-தீ-ரி-யா. ‘ஃப்’ என்று காற்று விட்டுச் சொல்லிப் பழகினவர்களுக்கு எச் தொலைவதில்லை. கண் டாக்டர் போர்டுகளில்கூட அது காணாமல் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கோளாறு: அகராதியில் புள்ளிகள் குறைவாக இருக்கின்றன

எவாப்பரேஷனில் சிலபிள் ஐந்து. மெரியம்-வெப்ஸ்டரில் பார்த்தால் முதல் எழுத்துக்குப் பிறகு புள்ளி இருக்காது. அகராதி தப்பில்லை. அந்தப் புள்ளிகள் வரிக் கடைசியில் எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்காரருக்குச் சொல்பவை. ஒற்றை எழுத்தை வரிக் கடைசியில் அநாதையாக விடும் வழக்கம் இல்லை என்பதால் அங்கே புள்ளி வைப்பதில்லை. வாய் வெட்டு வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் உச்சரிப்புக் குறியைப் பாருங்கள். அமெரிக்கர் ஒலியைப் பார்த்து உடைப்பார்கள், பிரிட்டிஷ் வழக்கத்தில் சொல்லின் வேரைப் பார்ப்பார்கள். இரண்டு அகராதி இரண்டு மாதிரி காட்டினால் பதற வேண்டாம். கணினிக்கு இந்த வேலையைச் சொல்லித்தரவே ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க் லியாங் என்பவர் 1983-இல் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். இன்றைக்கும் அச்சுக்கோக்கும் டெக் மென்பொருள் அவர் வழியில்தான் சொற்களை உடைக்கிறது.

கோளாறு: சொல் ஒரு வரி நீளம், பார்த்ததும் பயம்

பூச்சிக்கொல்லியான டி.டி.டி.யின் முழுப் பெயர் 31 எழுத்து. இதைச் சிலபிளாக உடைத்தால் 11 துண்டு, பயம் இன்னும் கூடும். முதல் கோளாறு இருப்பவர்களுக்கு 14 வரைக்கும் போகும். இங்கே முதலில் பொருள் வெட்டு, பிறகுதான் வாய் வெட்டு. டைக்ளோரோ, டைஃபினைல், ட்ரைக்ளோரோ, ஈத்தேன். நாலே மூட்டை. அடுத்து கடைசி மூட்டையிலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கட்டுங்கள்: ஈத்தேன், ட்ரைக்ளோரோஈத்தேன், டைஃபினைல்ட்ரைக்ளோரோஈத்தேன். முன்னாலிருந்து தொடங்கினால் கடைசிக்கு வருவதற்குள் மூச்சும் தைரியமும் தீர்ந்துவிடும். பின்னாலிருந்து கட்டினால் போகப் போகப் பழகின இடத்துக்குப் போய்ச் சேர்கிறோம்.

வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது அந்த 45 எழுத்துச் சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தும். நிமோனோஅல்ட்ரா என்று தொடங்குவது. 19 சிலபிள். நீளமான சொல் வேண்டும் என்பதற்காகவே 1935-இல் அமெரிக்கப் புதிர்ச் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித் கட்டிய சொல் அது. கல்தூசியைச் சுவாசிப்பதால் வரும் அந்த நுரையீரல் நோய்க்கு மருத்துவர்கள் சொல்வது சிலிகோசிஸ், நான்கு சிலபிள். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கினவர்களின் வீடுகளில் அந்தச் சின்னச் சொல்லை யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

கோளாறு: இரண்டு டீச்சர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்

மீத்தேன் பிரிட்டிஷ், மெத்தேன் அமெரிக்கா. அலுமினியம் ஐந்து சிலபிள். அமெரிக்காவில் ஸ்பெல்லிங்கிலேயே ஒரு ஐ குறைவு, அதனால் நான்கு. யார் வைவா எடுக்கிறாரோ அவர் வழி.

கோளாறு: சரியாகப் பிரித்துப் படித்தும் அபத்தமாக ஒலிக்கிறது

ஏரித் தண்ணீர் பற்றிப் பள்ளிக்கு ப்ராஜெக்ட் எழுதிய பத்தாம் வகுப்புப் பெண், அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பா பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம், அதில் பாதி சங்க வேலை. அவள், “யூனியனைஸ்ட் அமோனியா மீன்களுக்கு விஷம்” என்று படித்தாள்.

அப்பா பேப்பரை இறக்கினார். “அமோனியாவுக்கெல்லாம் சங்கம் வெச்சுட்டாங்களாம்மா?”

எழுத்து ஒன்றுவிடாமல் அதேதான். யூனியன் என்று வெட்டினால் தொழிற்சங்கம். அன் என்று வெட்டிவிட்டு அயன் என்று தொடங்கினால் அயனியாகாத அமோனியா. மீனைக் கொல்வது அதுதான். இந்த இடத்தில் சிலபிள் கணக்கு உதவாது, பொருள் தெரிந்தால்தான் வாய் எங்கே வெட்டுவது என்று தெரியும். அதற்காகத்தான் வேதியியல் புத்தகங்கள் பலவற்றில் நடுவே ஒரு சின்னக் கோடு போடுகிறார்கள். அவள் தட்டச்சு செய்யும்போது அதை விட்டிருந்தாள். பேனாவை எடுத்து ஏழு இடத்தில் கோடு போட்டாள். அப்பா எட்டாவதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.